முதலாளி கையெழுத்தில் ஒன்பது வருடம்

அனுப்புநர்:
விண்ணப்ப எண் 417-இன் விண்ணப்பதாரர்,
(முன்னாள் உதவிக் கணக்கர், இரும்புச் சாமான் கடை),
பள்ளி வேன் ஓட்டுநர் வீடு, பின்பக்க மாடி,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
கணக்கர் பதிவு அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: கணக்கர் பதிவுக்கு நான் அளித்த மாதிரிப் பக்கங்கள் என்னுடையவை அல்ல என்றும், அனுபவச் சான்று நானே எழுதிக்கொண்ட போலி என்றும் ஒரே கடிதத்தில் கூறி விண்ணப்பத்தை நிராகரித்தது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சரிபார்ப்புப் பிரிவின் நிராகரிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை நான் கையால் எழுதாமல் தட்டச்சு செய்து அளிப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம்தான் மனுவே. ஒரு பக்கத்துக்குள் முடித்தால்தான் அதிகாரிகள் படிப்பார்கள் என்று தட்டச்சுக் கடைக்காரர் சொன்னார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. தங்கள் அலுவலக வாசலில், குடிநீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவிப்பின்படி, ஒருவர் பதிவு பெற்ற கணக்கராக வேலைக்குச் சேர ஐந்து தகுதிகள் வேண்டும். பள்ளி இறுதித் தேர்ச்சி. கணக்குப் பதிவியல் தேர்வில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டிலும் தேர்ச்சி. கணினியில் கணக்கு வைக்கும் பயிற்சி. ஒரு நிறுவனத்தில் குறைந்தது ஐந்து வருட அனுபவமும் அதற்கு முதலாளியின் சான்றும். கடைசியாக, விண்ணப்பதாரர் தம் கையால் எழுதிய கணக்கின் மாதிரிப் பக்கங்கள் மூன்று.

முதல் மூன்றும் என்னிடம் உள்ளன. மேல்நிலைத் தேர்வு எழுதப் போன அன்று வாசலில் நின்ற காவலாளி, "பிள்ளைய விட்டுட்டு பெத்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்று என்னைத் திருப்பிவிட்டார். நுழைவுச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. என் மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதி, முதல் தடவையிலேயே தேறினேன். அந்தச் சான்றிதழ்களைப் பற்றித் தங்கள் அலுவலகத்துக்கும் எனக்கும் தகராறு இல்லை. தகராறு நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான்.

2. அனுபவம் பற்றி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள கடைத்தெருவில், ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பூட்டு விற்கும் கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். மாடிப்படிக்குக் கீழே, குனிந்து நுழைய வேண்டிய மூலையில் ஒரு மேசை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முதலாளி. எழுந்திருக்கும்போது படியில் தலையை இடித்துக்கொள்ளாத நாள் குறைவு. முதலாளி கணினியைக் கடைசி வரை நம்பவில்லை. "கரண்ட் போனா கணக்கும் போயிடும்மா" என்பார். ஆகவே எல்லாம் பேனாவும் புத்தகமும்தான்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு கடைகளில் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் சேர்வதற்கு முன்பு ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி, ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எழுத்தைப் பார்த்திருக்கிறார். பின்னால் யாரோ இடைச்செருகியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, எல்லாப் புத்தகங்களையும் மூட்டை கட்டி எடுத்துப் போயிருக்கிறார். எழுதியது முதலாளியும் அவர் தம்பியும்தான், இடைச்செருகல் ஒன்றும் இல்லை. ஆனாலும் புத்தகங்கள் திரும்பி வர இரண்டு வருடம் ஆயிற்றாம். அந்த இரண்டு வருடமும் முதலாளி தூங்கவில்லை என்று அவர் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எத்தனை பேர் எழுதினாலும் சரி, கடைக் கணக்கில் ஒரே கைதான் தெரிய வேண்டும்.

3. ஆகவே, வேலைக்குச் சேர்ந்ததும் நான் முதலில் எழுதிப் பழகியது வரவும் செலவும் அல்ல, முதலாளியின் கையெழுத்தை. (இம்மனுவில் கையெழுத்து என்று நான் சொல்வது எழுதும் எழுத்தின் சாயலை. பெயரை எழுதிப் போடுவதைக் கையொப்பம் என்றே குறிப்பிடுகிறேன். தங்கள் கடிதம் இரண்டையும் கலந்துவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

பழைய பில்களின் முதுகில் வாரக்கணக்கில் எழுதினேன். நாலுக்கு மேலே வாய் திறந்திருக்க வேண்டும். ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. எட்டின் மேல் வட்டம் கீழ் வட்டத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். "இது என்னம்மா எட்டு, தூங்கி எழுந்த மாதிரி சாஞ்சு கிடக்கு. நிமிர்த்து" என்பார். "அந்த ஒன்பதுக்கு வயிறு உப்பிப் போச்சு, மருந்து குடு" என்பார். கடையில் பூட்டு வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் திட்டினார், நான் எழுதினேன். பதினைந்து நாள் கோபத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். பிறகு வீட்டு நிலைமையை நினைத்து, எட்டை நிமிர்த்தினேன்.

ஒருநாள் முதலாளி பழைய பக்கம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "ஏம்மா, இது நீ எழுதினதா, நான் எழுதினதா?" என்று கேட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. "யார் எழுதினா என்ன, கூட்டல் சரியா இருக்கில்ல" என்று அவரே சொல்லிவிட்டு மூடி வைத்தார். அன்று முதல் அவர் பேனாவைத் தொடுவது குறைந்து போயிற்று. கடைசி ஆறு வருடக் கணக்கு முழுவதும் நான் எழுதியது. அவர் எதிரில் உட்கார்ந்து சொல்வார், சரிபார்ப்பார், குறை சொல்வார்.

4. இந்த எழுத்து கடையோடு நிற்கவில்லை என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன். என் மகள், "அம்மா, லீவு லெட்டர நீ எழுதாத, அப்பாவ எழுதச் சொல்லு. உங்க தாத்தா எழுதினாரான்னு மிஸ் கேக்குறாங்க" என்றாள். என் நாத்தனார் மளிகைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, பருப்பு வாங்கறதுக்குக் கூட உங்க முதலாளிதான் எழுதிக் குடுக்கறாரா?" என்று கேட்டு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது இது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

என் பழைய எழுத்து எப்போது போயிற்று என்று தெரியவில்லை. அதைத் தேட வேண்டிய வேலை எதுவும் அதுவரை வரவில்லை.

5. போன வருடம், இருப்பு எடுக்கும் சமயத்தில், முதலாளி மேல்தட்டில் இருந்த தாழ்ப்பாள் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினார். கடைப் பையன்களைக் கூப்பிட்டிருக்கலாம். யார் சொல்லி அவர் கேட்டார்? வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு மருத்துவர் கட்டை விரலையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். ஒன்றரை மாதம் அந்தக் கட்டோடு கடைக்கு வந்தார். அந்த ஒன்றரை மாதத்தில் கணக்கு ஒருநாளும் விடுபடவில்லை. எழுத்தில் ஒரு கோணல்கூட இல்லை. காரணம், கை முறிந்தது அவருக்கு, எனக்கு அல்ல.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சாப்பாட்டை முதலாளியம்மாதான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. அப்படியானால் கடையில் கணக்கு எப்படி எழுதுகிறீர்கள் என்று அம்மா கேட்டிருக்கிறார். "சாப்பிடத்தான் கை வரல, எழுத வருது. நாலு விரல் வெளியதானே இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் என்னிடம் வந்து, "வீட்டுல கேட்டா நான்தான் எழுதறேன்னு சொல்லும்மா. இல்லேன்னா கடைய மூடுங்கன்னு ஆரம்பிச்சிடுவா" என்றார். சரி என்றேன். அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை.

6. கட்டுப் பிரித்த பிறகு, பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்ற கணக்கர்களை மட்டுமே வேலைக்கு வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. முதலாளியிடம் அனுபவச் சான்று கேட்டேன். "வேற எடம் பாத்துட்டியா?" என்றார். இல்லை, கையில் இருக்கட்டும் என்றேன். பேனாவை என் பக்கம் தள்ளி, "எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடையிலிருந்து போகும் எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் எழுதுவோம். அதில் வேறு முறை எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சான்றில் இப்படி இருக்கிறது: "இவர் என் கடைக் கணக்கை ஒன்பது வருடமாக எழுதி வருகிறார். கூட்டலில் இவரிடம் தவறு வந்ததில்லை. கழித்தலில் ஒரு முறை வந்தது. அதையும் இவரே கண்டுபிடித்தார்." கழித்தல் சமாச்சாரம் வேண்டாமே என்றேன். "உள்ளது உள்ளபடி இருந்தாத்தான் நம்புவாங்க" என்றார். கீழே உள்ள கையொப்பம் அவரே போட்டது. போடும்போது மணிக்கட்டு வலித்து முகத்தைச் சுளித்தார்.

சான்று தந்த மூன்றாம் மாதம் முதலாளி காலமானார். கடையில், நாற்காலியில், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகலாம் என்று எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்து அவரை எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் திரும்ப மாடிப்படிக்குக் கீழே போய் அன்றைய கணக்கை எழுதி முடித்தேன். பாதியில் கிடந்தது, முடித்தேன். அன்று அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன், இதுவரையும் வரவில்லை.

வெளியூரில் இருக்கும் அவர் மகன் வந்து கடையைத் தரை ஓடு வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பிள்ளை. பழைய புத்தகங்கள் எடைக்குப் போவதற்கு முன்பு, மூன்று பக்கங்களை நகலெடுத்துக்கொள்ள என்னை அனுமதித்தார். கடைசி வருடப் புத்தகத்தை மட்டும் அம்மா தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

7. பிறகு பல இடங்களில் வேலை கேட்டேன். ரயில்வே கேட்டுக்கு அப்பால் உள்ள ரொட்டித் தொழிற்சாலையில் கணக்கர் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதன் மேலாளர் என்னை உட்கார வைத்து ஒரு மாதக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார், பார்த்துவிட்டு, "பதிவுச் சான்று மட்டும் கொண்டு வாங்கம்மா, நவம்பர் கடைசி வரைக்கும் எடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது" என்றார். அந்த மாதம்தான் இது.

தங்கள் அலுவலகச் சரிபார்ப்பு எழுத்தர் என்னை நேரில் வரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்வதற்கில்லை. மேசைக் கண்ணாடியில் என் மாதிரிப் பக்கங்களையும் அனுபவச் சான்றையும் விரித்து வைத்து, வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொன்னார். எழுதினேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "மேடம், இது அந்த முதலாளி எழுத்து. உங்க சொந்தக் கையெழுத்துல எழுதுங்க" என்றார்.

இன்னொரு தாள் கொடுத்தார். பேனாவைத் தாளில் வைத்தேன். மாற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். நாலின் வாயை மூடினேன், அது நாலாக இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன். மேலே மின்விசிறி ஓடியது, தாள் பறக்காமல் இருக்க அவர் தம் தண்ணீர்ப் பாட்டிலை அதன் மேல் வைத்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "சீக்கிரம்மா, எனக்கு பஸ்ஸு இருக்கு" என்றார். என் எழுத்து என்று ஒன்று இருந்தால் அது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இதைத் தங்கள் கோப்பில் "விண்ணப்பதாரர் எழுத மறுத்துவிட்டார்" என்று பதிவு செய்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை, ஐயா. மறுப்பதற்கு ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

8. அதன்பின் வந்த நிராகரிப்புக் கடிதத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, மாதிரிப் பக்கங்கள் முதலாளியின் கையெழுத்தில் உள்ளதால் அவை விண்ணப்பதாரர் எழுதியவை அல்ல. இரண்டு, அனுபவச் சான்று விண்ணப்பதாரரின் கையெழுத்தில் உள்ளதால் அது முதலாளி கொடுத்தது அல்ல.

நான் கணக்கு எழுதிப் பிழைத்தவள். ஒரே தொகையை வரவிலும் வைத்து, செலவிலும் வைத்து, இரண்டு பக்கமும் எனக்கே நஷ்டம் காட்டினால் அதை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதே எழுத்து புத்தகத்தில் இருந்தால் முதலாளியுடையது, சான்றில் இருந்தால் என்னுடையது என்றால் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டில் ஏதாவது ஒன்றை நம்புங்கள் என்றுதான் கேட்கிறேன். புத்தகம் என்னுடையது என்றால் எனக்கு அனுபவம் இருக்கிறது. சான்று அவருடையது என்றாலும் எனக்கு அனுபவம் இருக்கிறது.

9. முதலாளியின் மகனுக்கும் தங்கள் அலுவலகம் அந்தப் பக்கங்களின் படத்தை அனுப்பிக் கேட்டிருக்கிறது. "இது என் தந்தையின் கையெழுத்து, எனக்கு நன்றாகத் தெரியும்" என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னிடமும் தொலைபேசியில் பேசினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுது, அப்பா எழுத்து. அத இல்லேன்னு எப்படிக்கா சொல்வேன்? நீங்க பக்கத்துல இருந்து எல்லா உதவியும் பண்ணீங்கன்னு வேணா எழுதித் தரேன்" என்றார். நான் சரி தம்பி என்று வைத்துவிட்டேன். அவர் மனதறிந்து பொய் சொல்லவில்லை. கடையின் வழக்கம் அவ்வளவு நன்றாக நடந்திருக்கிறது.

10. இப்போது நான் இம்மனுவை அனுப்புவதற்கான அவசரக் காரணத்துக்கு வருகிறேன். நான் மேல்முறையீடு செய்தால், அடுத்த வாரம் விசாரணை அலுவலர் ஒருவர் முதலாளி வீட்டுக்குப் போய், கடைசி வருடப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, மாவுக்கட்டு இருந்த காலத்துப் பக்கங்களைக் காட்டி, இதை எழுதியது யார் என்று முதலாளியம்மாவிடம் கேட்டு வாக்குமூலம் வாங்குவார் என்று சரிபார்ப்பு எழுத்தர் சொன்னார். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார். "அந்தப் பக்கம் ஒண்ணு போதும் மேடம், உங்க கேஸ் ஜெயிச்சிடும்" என்றார்.

ஐயா, அந்தப் பக்கங்களை நான் அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். முதலாளி இறந்து இரண்டு மாதம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போனபோது, படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அந்தப் புத்தகம் இருந்தது. மேலே அம்மாவின் கண்ணாடி. எனக்குக் காபி கொடுத்துவிட்டு அம்மா புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கணக்குப் படிக்க அவருக்குத் தெரியாது. கட்டுப் போட்டிருந்த மாதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் தெரியும், அங்கே ஒரு நூல் வைத்திருந்தார். அந்த வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "பாரும்மா, கை ஒடஞ்சிருந்தப்ப கூட ஒரு எழுத்து கோணல. எவ்வளவு வலியோட எழுதியிருப்பாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு மனுஷன்" என்றார்.

நான், "ஆமாம்மா" என்றேன்.

அவர் விரல் வைத்திருந்தது ஒரு பெட்டி மர ஆணியும் இரண்டு டஜன் கீலும் விற்ற வரி. அன்று எனக்குக் காய்ச்சல், வெந்நீர் குடித்துக்கொண்டே எழுதிய வரி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை என் எழுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் அது என் எழுத்தாகவும் இல்லை.

என் கணவர் சொல்வதையும் மறைக்காமல் தெரிவிக்கிறேன். "அவங்க பெரிய மனசுக்காரங்க, சொன்னா புரிஞ்சுக்குவாங்க. நீயே போய் பக்குவமா சொல்லிடு. எட்டு மாசமா சும்மா இருக்க. பொண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ். நான் ஒருத்தன் எத்தனை வண்டிய ஓட்டறது?" என்றார். அவர் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை. இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரை போனேன். இரண்டு தடவையும் பக்கத்தில் இருந்த மருந்துக் கடையில் ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். தலை வலிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கோபம் வர வேண்டும். தட்டச்சுக் கடைக்காரருக்கே வந்துவிட்டது, நடுநடுவே நிறுத்தி, "என்னம்மா இது அநியாயம்" என்கிறார். எனக்கு ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்பு ஊசி போட்டுவிட்டுத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி இருக்கிறது. தட்டுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

11. ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவாறு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) நான் எழுத மறுத்ததாக உள்ள குறிப்பை, எழுத இயலவில்லை என்று திருத்த வேண்டும்.

(ஆ) கடைசி வருடப் புத்தகத்தின் முழு நகல், வரி அலுவலகத்தில் அவர்கள் முத்திரையோடு இருக்கிறது. அதை அங்கிருந்து வரவழைத்துப் பார்க்க வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட நாளும் பிரித்த நாளும் எலும்பு மருத்துவரின் பதிவேட்டில் உள்ளன. கட்டை விரலையும் சேர்த்துக் கட்டிய கையால் பேனா பிடிக்க முடியுமா என்று அவரையே கேட்கலாம். இவ்விரண்டுக்கும் ஒரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

(இ) முதலாளியின் வீட்டுக்கு எவரையும் அனுப்ப வேண்டாம். அம்மாவிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்க வேண்டாம். மகனுக்கு அனுப்பும் எந்தக் கடிதத்திலும் இம்மனுவின் நகலை இணைக்க வேண்டாம்.

(ஈ) விதிப்படி அந்த வீட்டு விசாரணை இல்லாமல் தீர்க்க முடியாது என்றால், இம்மனுவை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதி, என் விண்ணப்பத்தை நிராகரித்தது நிராகரித்தபடியே இருக்கட்டும். ரொட்டித் தொழிற்சாலை மேலாளருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அந்த நிலையில் எனக்குப் பதில் கடிதமும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. மனுவின் அடியில் கையொப்பமிட வேண்டும் என்பது தெரியும். பேனாவை எடுத்தும்விட்டேன். என் பெயரை நான் எப்படி எழுதினாலும் அது முதலாளி எழுதியது போலத்தான் இருக்கும். தங்கள் அலுவலகத்தின் முடிவுப்படி அது ஒன்று அவருடையது, இல்லையென்றால் போலி. இறந்தவர் பேரில் இன்னொரு சந்தேகம் வர வேண்டாம். ஆதலால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன். இதிலாவது என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இடம்: பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புறமுள்ள தட்டச்சுக் கடை.
நாள்: நவம்பர் 18.

இப்படிக்கு,
தங்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படும்
விண்ணப்பதாரர், எண் 417.

(இடது கைப் பெருவிரல் ரேகை)

இணைப்பு: தேர்ச்சிச் சான்றுகள், கணினிப் பயிற்சிச் சான்று, நிராகரிப்புக் கடிதத்தின் நகல்.

ரேகைக்குச் சாட்சி: மேற்கண்ட ரேகை என் கண்முன் வைக்கப்பட்டது. வழக்கமாக இந்த இடத்தில் "எழுதப் படிக்கத் தெரியாதவர், படித்துக் காட்டப்பட்டது" என்று எழுதுவேன். இவர் நான் அடித்ததில் பதினோரு பிழைகளைப் பேனாவால் திருத்திக் கொடுத்தார். இவருக்கு எழுதத் தெரியும் என்று சான்றளிக்கிறேன்.
– தட்டச்சுக் கடைக்காரர் (ஒப்பம்)